குற்றாலத்து எண்ணெயும் என் முன்பிரேக்கும்

1

போன வாரம் இங்கே சிங்கப்பூரில் ஒரு சீனர் பட்டறையில் சின்னக் கலவரம். செங்கோட்டையிலிருந்து புதிதாக வந்த ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். வாங்கிய சூட்டோடு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், குறடு கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து முன்பிரேக் வயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பட்டறைக்காரர் தடுக்கிறார், இவர் விடமாட்டேன் என்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். தென்காசிப் பக்கத்துப் பைத்தியங்களுக்கு இங்கே நான்தான் தலைவன் என்பது பட்டறைக்காரருக்கு முன்பே தெரியும்.

என்னைப் பார்த்ததும் செங்கோட்டைக்காரருக்கு உயிர் வந்தது.

“தம்பி, நீங்களே சொல்லுங்க. நம்ம பக்கம் முன்பிரேக்கு வச்சு எவனாவது ஓட்டுதானா? இந்த மனுசன் புரியாமக் கெடந்து கத்துதாரு.”

“வாஸ்தவந்தான் அண்ணாச்சி. குறட்டை மொதல்ல கீழ வைங்க. ஒரு காப்பியக் குடிச்சிட்டுப் பேசுவோம்.”

காப்பிக்கடையில் அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றும் சிலர் சொல்வார்கள். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவன், லைசென்ஸ் சட்டைப் பையில் இருப்பவன், யாரும் அடித்து விரட்டாமல் தானாகவே போய் மோட்டார் சைக்கிள் ஓட்டப் படித்த கதை இது.

2

குற்றாலம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சாரல் விழ ஆரம்பித்ததும் ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்குவார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, சட்டியிலிருந்து எடுத்த பஜ்ஜி மாதிரி மினுமினுவென்று அருவிக்கு நடப்பார்கள். எண்ணெய் சொட்டும். அதன்மேல் சீயக்காய்த் தூள் கொட்டும். அதற்குமேல் சாரல். அந்த மாதங்களில் அருவிக்கரை பஜாரில் மாடுகூட யோசித்துத்தான் காலை வைக்கும்.

அங்கே முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். தென்காசி ரைஸ்மில் முதலாளி ஒருவர் ஒரு சீசனில் அப்படி விழுந்து, எண்ணெய்க் குளியல்காரர்கள் சிலரையும் ஒரு கூடை மங்குஸ்தானையும் வாரிக்கொண்டு போனார். அவரைத் தூக்கி நிறுத்திய கையோடு மெக்கானிக் முன்பிரேக் வயரை உருவிவிட்டார். முதலாளி வண்டியில் செய்ததாயிற்றே, அதுவே ஊருக்குச் சட்டமாகிவிட்டது. அப்புறம் எங்கள் பக்கம் புது வண்டி வந்தால் சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம், வயர் உருவல், மூன்றும் ஒரே நாளில் நடக்கும். உருவிய வயரில் கோழிக்கூண்டுக் கதவைக் கட்டுவார்கள். முன்பிரேக் எமன் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் அந்த ரைஸ்மில்லில் வண்டி துடைக்கச் சேர்ந்தவன். துடைத்துத் துடைத்தே ஓட்டக் கற்றேன். அருவிக்கரை எண்ணெயில் இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு, எந்தப் பிரேக்கையும் தொடாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவேன். கூட்டம் ஒதுங்கும், அப்புறம் கைதட்டும். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்குக் கைதட்டியதில்லை. இலஞ்சியிலிருந்து அருவிக்குக் குளிக்க வந்த கோமதி என்னை முதலில் பார்த்தது அப்படித்தான். அன்றைக்கு அவள் சிரித்தாள். என்னைப் பிடித்துப்போய்ச் சிரித்தாளா, இவன் எப்போது விழுவான் என்று பார்த்துச் சிரித்தாளா என்று கல்யாணம் ஆகியும் நான் கேட்கவில்லை. தைரியம் இல்லை.

3

சிங்கப்பூருக்கு என்னை வரவழைத்தவர் வேலாயுதம் அண்ணாச்சி. வாசுதேவநல்லூர்க்காரர், இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார், குடும்பத்தோடு மாடியில் குடியிருக்கிறார். கடையில் ஒரு ஸ்டூல் போட்டு வெங்காயம் நிறுக்க உட்கார வைத்தார். என்னால் முடியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, மருந்துக்கடைகளுக்குப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி வாங்கிய அன்றே என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு மழை நாள். இறக்கமான ரோடு. கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். இருக்கிற ஒரே பிரேக்கை, காலடியில் இருக்கிற பின்பிரேக்கை, நின்று மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆனால் வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. ஒரு சிறுமியின் குடை என் ஹாண்டிலில் மாட்டி என்னோடு வந்துவிட்டது. நான் போய் விழுந்தது, சோயாக்கட்டி விற்கிற ஒருவருடைய தொட்டியில்.

தெருவே சிரித்தது. தலையில் வெள்ளையாக வழிய வழிய நானும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தேன். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள்மேல் ஒரு கீறல் இல்லை. மெதுவாக நடந்து வந்து, ஹாண்டிலில் கிடந்த குடையை எடுத்து, விரிகிறதா என்று பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். யாரையும் கேலி பண்ணாமல் நான் ஒரு வாரம் இருந்தது அப்போதுதான். அண்ணாச்சி பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

பிறகு விஷயம் தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஏலே சண்முகம், ரெண்டு சக்கரத்துல தொங்கிக்கிட்டு அலையுதது ஒரு பொழப்பாலே? அந்த ஸ்டூலு இன்னும் காலியாத்தான் கெடக்கு. வண்டிய வித்துட்டு ஒழுங்கா வந்து உக்காரு.”

“ஸ்டூலுக்கும் பிரேக்கு இல்லியே அண்ணாச்சி.”

“வாய்க்கு ஒரு பிரேக்கு போடணும்லே மொதல்ல!”

அதோடு விடவில்லை. இலஞ்சியில் என் மாமனாருக்கு எழுதிப் போட்டுவிட்டார். அடுத்த லீவில் நான் ஊருக்குப் போய்க் கோமதியை இங்கே கூட்டிவருவதாகப் பேச்சு. மாமா எழுதிய பதில் சுருக்கமாக இருந்தது: வண்டியை விற்றுவிட்டு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்தால் மகளை அனுப்புவேன், இல்லாவிட்டால் அனுப்பமாட்டேன். அதே தாளில் அடியில் கோமதி தன் கையால் எழுதியிருந்தாள். வண்டியை இப்போது விற்க வேண்டாம். நீங்கள் லீவில் வாருங்கள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன். அப்பாவிடம் பேசிவிட்டேன், என் முடிவுதான் அவர் முடிவு.

ஆகவே எல்லாம் கோமதி ஒரு தடவை என் பின்னால் உட்காருவதில் இருந்தது. வண்டியா ஸ்டூலா என்பதும் அதில்தான், அவள் கப்பல் ஏறுவாளா மாட்டாளா என்பதும் அதில்தான்.

4

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மைதானத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களை மட்டும்தான் சேர்ப்பாராம். போகப் போகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“ஓட்டத் தெரிஞ்சவன் எதுக்குலே ஓட்டப் படிக்கான்? நாளைக்குச் சோறு திங்கவும் பள்ளிக்கூடம் போவியோ?”

“நீங்க சமைச்ச சோறுன்னா படிச்சிட்டுத்தான் திங்கணும்.”

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எண்ணெய் வாங்க வந்தவர், புளி வாங்க வந்தவர் எல்லாரும் ‘என்னப்பா, வாத்தியார் அடிச்சாரா?’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாததற்கு ஏச்சு. இப்போது போவதற்கு ஏச்சு. இரண்டுக்கும் நான் காது கொடுக்கவில்லை.

வகுப்பில் சேர இங்கிலீஷில் ஒரு பாரம் கொடுத்தார்கள். அண்ணாச்சி மகள் லெட்சுமிதான் நிரப்பினாள். இங்கேயே பிறந்தவள், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், தமிழ் பேசினாலும் கடைசியில் ‘லா’ என்று மலாய்க்காரர்களுடைய வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

“மாமா, எங்க ஓட்டப் படிச்சீங்கன்னு கேக்குறாங்க லா.”

“குத்தாலம்னு எழுது.”

“அது ஸ்கூலா?”

“பெரிய ஸ்கூலு. மேல இருந்து தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும்.”

அவள் அப்படியே எழுதிவிட்டாள். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, “ஏட்டி, வாசுதேவநல்லூர்னாவது என்னன்னு தெரியுமா?” என்றார்.

“தெரியும்ப்பா. நீங்க லெட்டர் போடுற அட்ரஸ்.”

அண்ணாச்சி தராசுப் பக்கம் திரும்பினார். நிறுத்து வைத்த பருப்பையே திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கேலி வரவில்லை.

பாரத்தில் பெயருக்கு இரண்டு கட்டம். ஒன்றில் என் பெயரும் மற்றதில் அப்பா பெயரும் எழுதப்போக, அப்பா பெயர்தான் என் பெயர் என்று ஆகிவிட்டது. மாற்றச் சொல்லி இரண்டு ஜன்னலுக்கு அலைந்தேன். இந்த ஜன்னல் அந்த ஜன்னலைக் காட்டியது, அந்த ஜன்னல் சாப்பிடப் போயிருந்தது. கடைசிவரை சார்ஜெண்டுக்கு நான் மிஸ்டர் ஆறுமுகம்தான். எங்கப்பா ஊரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்க, அவர் பெயர் சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் படித்தது.

முதல் நாள் சார்ஜெண்ட் எங்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு வண்டியாகச் சோதித்தார். என் வண்டியில் முன்பிரேக் பிடியை அழுத்தினார். அது தொங்கியது. வண்டியைச் சுற்றி வந்து மறுபடி அழுத்தினார். அவர் இங்கிலீஷிலும் கடைத்தெரு மலாயிலும் கலந்து சொன்னதை நான் நம் தமிழில் தருகிறேன். மரியாதையோடு சொன்னாரா என்று தெரியாததால் நானும் மரியாதை சேர்க்கவில்லை.

“வயர் எங்கே?”

“வீட்டில், சார். பத்திரமாக.”

“எதற்குக் கழற்றினாய்?”

“பாதுகாப்புக்கு, சார்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மைதானத்தில் தண்ணீர் ஊற்றி, சாக்பீஸில் கோடு போட்டு, கோட்டுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். அவர் இரண்டு பிரேக்கையும் பிடித்துக் கோட்டைத் தாண்டி ஒரு முழத்தில் நின்றார். நான் நின்ற இடத்தைக் கோட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. வேலியோரச் சாக்கடைக்குள் நின்றேன்.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கையையும் காலையும் ஆட்டி, குற்றாலத்தையும் நல்லெண்ணெயையும் சீயக்காயையும் ரைஸ்மில் முதலாளி பறந்ததையும் நடித்தே காட்டினேன். அங்கே உங்கள் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எண்ணெயில் நீ சொல்வது சரி, அங்கே நானும் முன்பிரேக்கைத் தொடமாட்டேன் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

“உன் ஊர் ரோட்டில் எண்ணெய் எவ்வளவு தூரம் இருக்கும்?”

“கோயில் பக்கத்திலிருந்து அருவி வரைக்கும், சார்.”

“அதற்கு அப்புறம்?”

அப்புறம் தென்காசி ரோடு இருக்கிறது, இலஞ்சி ரோடு, செங்கோட்டை ரோடு, திருநெல்வேலி ரோடு எல்லாம் இருக்கின்றன. எதிலும் எண்ணெய் கிடையாது. ஒரு பஜாருக்குப் பயந்து, வருஷம் முழுக்க, எல்லா ரோட்டிலும் பிரேக்கில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மறு ஞாயிறு வயரை மாட்டிக்கொண்டு போனேன்.

அந்த மனுஷர் ஸ்டண்ட் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதே, நசுங்காமல் கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி பிடி (கொழுக்கட்டை என் சொந்தச் சேர்க்கை). வளைவுக்குள் போய்ப் பிரேக்கைத் தேடாதே, முன்னாலேயே வேகத்தைக் குறை. ரோட்டைப் படி: ஈரத்தில் கிடக்கும் இலை, சாக்கடை மூடி, லாரி நின்று போன இடத்தில் ஒழுகிய எண்ணெய். நான் புத்தகத்தையே படிக்காதவன். இந்த ரோட்டைப் படிக்கிற படிப்பு மட்டும் எனக்கு ஏறியது. வேகமாகப் போனால், “பெலான், பெலான், மிஸ்டர் ஆறுமுகம்!” என்று மைதானம் அதிரக் கத்துவார். மெதுவாகப் போ என்று அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

5

லீவில் ஊருக்குப் போனபோது நல்ல சீசன். ரைஸ்மில் முதலாளியிடம் பழைய வண்டியை இரவல் வாங்கி, தென்காசி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் முன்பிரேக் வயர் மாட்டச் சொன்னேன்.

“என்ன வயரு?”

“முன்பிரேக்கு வயரு.”

“நான் உருவுதவன்லே. மாட்டுதவன் இல்ல. நீ விழுந்து கெடந்தா எம்பேருதான் கெடும்.”

பட்டறையில் நின்றிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். அதில் கோமதியின் தம்பி இசக்கிமுத்துவும் ஒருவன். செங்கோட்டை மரக்கடையில் வேலை, முதலாளியின் மோட்டார் சைக்கிள் எப்போதும் அவன் கையில். சீசனில் அருவிக்கரையில் இப்போது கைதட்டல் வாங்குவது அவன்தான்.

“அத்தான், நெசமாவே அங்கன கிளாஸுக்குப் போய்ப் படிச்சியளா? அக்கா சொன்னா, நான் நம்பல.”

“ஆமா மாப்ளே.”

“பாஸா, பெயிலா?”

“வகுப்புல பாஸு. உங்கக்காட்டதான் பரீட்சை பாக்கி இருக்கு.”

மெக்கானிக் மாட்டமாட்டேன் என்று உறுதியாக நின்றதால் நானே உட்கார்ந்து மாட்டினேன். சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் என் இன்ஷியூரன்ஸ் கட்டியாகிவிட்டதா என்று விசாரித்தார். நான் விசில் அடித்துக்கொண்டே முடுக்கினேன்.

மறுநாள் கோமதி சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மாமா வாசலில் நின்று, போகிறது வண்டியா மகளா என்று தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கி தன் வண்டியில் கூடவே வந்தான். இலஞ்சி தாண்டி ஒரு தென்னந்தோப்பிலிருந்து ஆட்டு மந்தை ஒன்று திடீரென்று ரோட்டில் இறங்கியது. தூறல் வேறு. இரண்டு பிரேக்கையும் சார்ஜெண்ட் சொன்னபடி பிடித்தேன். வண்டி நேராக, ஆட்டம் இல்லாமல் நின்றது. முதல் ஆடு என் சக்கரத்தை மோந்து பார்த்தது. இசக்கி ஆடுகளுக்கு நடுவில் கத்திக்கொண்டே புகுந்து, எப்படியோ அந்தப் பக்கம் வெளியே போய்விட்டான்.

“எப்படி?” என்று திரும்பிக் கோமதியைக் கேட்டேன்.

“ஆடு தப்பிச்சுட்டு,” என்றாள். “ஒங்களப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல. போங்க.”

6

குற்றாலத்தில் கோயில் பக்கம் திரும்பியதும் எண்ணெய் வாசம் வந்தது. முன்னால் பஜார் முழுக்க மினுங்கியது. ஆட்கள் ஈரத் துண்டோடும், எண்ணெய் வழியும் முதுகோடும் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். இசக்கி முன்னால் நிறுத்தி எங்களுக்காகக் காத்திருந்தான். அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர் கடை வாசலில் தயாராக நின்றார்கள்.

“அத்தான், இங்கனதான ஒங்க பழைய ராச்சியம்? வாங்க, சேந்து எறங்குவோம்.”

சொல்லிவிட்டுக் காலை அகட்டிக்கொண்டு கத்திக்கொண்டே இறங்கினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வழுக்கவில்லை, ஆடவில்லை, ஒருவர்மேலும் படவில்லை. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நின்று கையைத் தூக்கினான். கைதட்டினார்கள். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் போனான். எனக்கும் கால் பரபரத்தது. பின்னால் மட்டும் கோமதி இல்லாவிட்டால் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் ரோட்டைப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தாள்.

நான் இஞ்சினை நிறுத்தினேன்.

“எறங்கு கோமதி.”

“ஏன்?”

“இது ஓட்டுத ரோடு இல்ல. தள்ளிக்கிட்டுப் போவோம்.”

அவள் இறங்கினாள். நானும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலை அழுத்தி ஊன்றி வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பஜாரே வெடித்தது.

“ஏலே, சிங்கப்பூர்ல படிச்சவனப் பாரு, தள்ளிக்கிட்டுப் போறான்!”

“தள்ளுததுக்கும் அங்கன தனி கிளாஸு இருக்கோ?”

“அண்ணே, வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டப் போறியளா?”

இந்த மாதிரி கேலியெல்லாம் ஒரு காலத்தில் நான் மற்றவர்களுக்குச் செய்தது. நன்றாகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைத் தொங்கப்போடவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. கடை வாசல்களுக்குத் தலையை ஆட்டி வணக்கம் சொல்லிக்கொண்டே தள்ளினேன். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் எல்லாரும் முழுசாக நின்றுதானே சிரிக்கிறார்கள்.

பாதி தூரத்தில் வண்டி லேசாக இருப்பதுபோல் பட்டது. திரும்பினேன். கோமதி பின்னால் கேரியரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கால் வரை சீயக்காய்ச் சகதி.

இசக்கி எதிரே ஓடிவந்து, “அக்கா, மானம் போகுது! நீ விடு, அத்தான் ஓட்டட்டும். அவுங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல!” என்றான்.

“தெரியும்லே. அவுங்க இதுல ஓட்டினத நான் பாத்திருக்கேன். அன்னைக்கு விழுந்து தொலைவாகளோன்னு பயத்துலதான் சிரிச்சேன். நீ அந்தப் பக்கம் வந்து பிடி.”

அவன் நாலு பக்கமும் பார்த்தான். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடிக்கவில்லை, தன் வண்டிப் பக்கம் போய்விட்டான். போகட்டும், அவனுக்கு இன்னும் வயசிருக்கிறது.

எண்ணெய் முடிகிற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். கோமதி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பரீட்சை என்னவாயிற்று என்று கேட்கலாம் எனத் திரும்பினேன். அவளே சொன்னாள்.

“வீட்டுக்குப் போனதும் அப்பாட்ட நீங்க ஒண்ணும் பேசாதீய. நான் பேசிக்கிடுதேன். அந்த வேலாயுதம் அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு கடுதாசி போட்டுருங்க, ஸ்டூலுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி.”

நான் வண்டியை உதைத்தேன். பின்னாலிருந்து இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.